முப்பது செகண்ட் கணக்கு சட்டத்தில் இல்லை

கேள்வி: கொல்லிமலை பெரக்கரை நாட்டில் வசிக்கிறேன். தை மாதம் என் மாமன் மகளுக்குக் கல்யாணம். சின்ன வயசுப் படங்கள், அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போனபோது செல்போனில் எடுத்த வீடியோக்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஆறரை நிமிடத்தில் ஒரு ஸ்லைடுஷோ தயாரித்திருக்கிறேன். இரண்டு சினிமாப் பாட்டுகளை வெட்டி அந்த நீளத்துக்குச் சரியாகப் பொருத்தியாயிற்று. கல்யாணப் பந்தலில் திரை கட்டிப் போட வேண்டும். பிறகு வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்காக யூடியூபில் ஏற்ற வேண்டும். “முப்பது செகண்டுக்குள்ள இருந்தா ஒண்ணும் ஆகாது, அதுக்கு மேல போனா கேஸ்தான்” என்கிறார் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர். பாட்டை வெட்டுவதே குற்றமா? என் அப்பாயி பாடிய பழைய பாட்டு ஒன்றும் பதிவு செய்து வைத்திருக்கிறேன். அதைச் சேர்த்தால் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

பதில்: முப்பது செகண்ட் நம்பிக்கை கொல்லிமலைக்கு மட்டும் உரியதல்ல. எடிட்டிங் பற்றி நாலு பேர் பேசுகிற இடத்தில் ஒருவராவது அதைச் சொல்லிவிடுவார்; சிலர் பத்து என்பார்கள், சிலர் ஏழு என்பார்கள். 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் இத்தனை நொடி வரை இலவசம் என்று ஒரு பிரிவும் கிடையாது. மிக அற்பமான பயன்பாட்டை நீதிமன்றம் பொருட்படுத்தாமல் விடுவதுண்டு. இந்தியா டிவிக்கும் யஷ் ராஜ் ஃபிலிம்ஸுக்கும் நடந்த வழக்கில், விழிப்புணர்வு விளம்பரம் ஒன்றில் ஓர் இந்திப் பாட்டின் சில சொற்கள் வந்ததை 2012-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அப்படித்தான் விட்டது. அங்கேயும் கடிகாரத்தை வைத்து யாரும் அளக்கவில்லை. தீங்கு எவ்வளவு, செய்தவரின் எண்ணம் என்ன என்பவற்றைத்தான் பார்த்தார்கள்.

முப்பதுக்குள் நின்றவருக்கும் நிம்மதி கிடைத்துவிடவில்லை. அமெரிக்காவில் ஸ்டெஃபனி லென்ஸ் என்ற தாய், சமையலறையில் தன் குழந்தை ஆடியதை 2007-ல் படம் பிடித்து யூடியூபில் போட்டார். பின்னணியில் பிரின்ஸின் பாட்டு ஒலித்தது. வீடியோ மொத்தமே 29 நொடி. யுனிவர்சல் மியூசிக் அதை நீக்கச் சொன்னது. அவர் வழக்குத் தொடுத்தார். நீக்கச் சொல்லும் முன் அது நியாயமான பயன்பாடா என்று உரிமையாளர் யோசித்திருக்க வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது 2015-ல். சமரசம் வந்தது 2018-ல். 29 நொடிக்குப் பதினோரு ஆண்டு!

ஆகவே நம் சட்டம் நீளத்தைக் கேட்பதில்லை. எங்கே ஒலிக்கிறது, யாருக்காக ஒலிக்கிறது, அதில் காசு புழங்குகிறதா என்றுதான் கேட்கிறது. பெரக்கரை நாட்டு வாசகரின் ஸ்லைடுஷோ ஒன்றுதான் என்றாலும், வீட்டில் இருக்கும்போது ஒரு விதி, பந்தலில் இன்னொரு விதி, யூடியூபில் வேறொரு விதி.

வீட்டில் சிக்கலே இல்லை. தனிப்பட்ட, சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாடு மீறல் ஆகாது என்று 52(1)(ஏ) பிரிவு சொல்கிறது. குடும்பத்தார் பார்க்கக் குடும்பத்தில் ஒருவர் செய்யும் ஸ்லைடுஷோ அதற்குள் வரும்.

பந்தல் விஷயத்தில்தான் பலருக்கும் தேவையில்லாத பயம். 52(1)(இசட்ஏ) பிரிவின்படி, உண்மையான மதச் சடங்கின்போது இசையை நிகழ்த்துவதோ ஒலிப்பதிவைப் போடுவதோ மீறல் அல்ல. மதச் சடங்கு என்பதில் கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய மற்றக் கொண்டாட்டங்களும் அடங்கும் என்று விளக்கமும் அங்கேயே இருக்கிறது. அப்படியிருந்தும் கல்யாண மண்டபங்களில் கட்டணம் கேட்பதாகப் புகார்கள் வந்ததால், மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை 24.7.2023 அன்று பொது அறிவிப்பு ஒன்றை வெளியிட்டது. கல்யாணப் பாட்டுக்குப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை என்பது அதன் சாரம். இதையொட்டிக் கோவா அரசு போட்ட சுற்றறிக்கையை மும்பை உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு 2024 ஆகஸ்டில் ரத்து செய்தது உண்மை. ரத்தானது சுற்றறிக்கைதான்; சட்டப் பிரிவு அப்படியே இருக்கிறது. அரசு விழாவுக்கும் இதே பிரிவில் விலக்கு உண்டு. ஆடி மாதம் செம்மேட்டில் அரசு நடத்தும் வல்வில் ஓரி விழாவில் ஒலிக்கும் பாட்டுக்கும் பாதுகாப்பு இதுதான்.

ஒரு நுணுக்கத்தை இங்கே கவனிக்க வேண்டும். அந்தப் பிரிவு இசையையும் ஒலிப்பதிவையும் சொல்கிறதே தவிர, திரைப்படத்தைச் சொல்லவில்லை. பாட்டோடு சேர்த்துப் படக் காட்சியையும் வெட்டி மாப்பிள்ளை, பெண் படங்களுக்கு நடுவே செருகுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்தக் காட்சித் துண்டுகளுக்கு இந்த விலக்கை நம்ப முடியாது. ஸ்லைடுஷோவில் அப்படி ஏதும் இருந்தால் எடுத்துவிடுவது நல்லது.

அடுத்து யூடியூப். பொதுமக்கள் பார்க்கக் கிடைக்கும்படி வைத்தாலே அது சட்டத்தின் கண்ணில் பொதுமக்களுக்கு வெளியிடுவதுதான். நான்கு பேர் மட்டுமே பார்த்தார்கள் என்ற வாதம் எடுபடாது. சொந்த உபயோகம், கல்யாண விலக்கு இரண்டும் பந்தலோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு உரிமையாளரின் அனுமதியும் வேண்டும். ஒரு சினிமாப் பாட்டுக்கு எத்தனை உரிமையாளர்கள் என்பது பெரிய தயாரிப்பாளர்களுக்கே தலைவலி. ஒலிப்பதிவு ஒரு நிறுவனத்திடம் இருக்கும். மெட்டு, வரிகளின் உரிமை வேறிடத்தில் இருக்கலாம். ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ மலையாளப் படத்தில் ‘குணா’ படப் பாட்டைப் பயன்படுத்தியதற்காக 2024 மே மாதம் இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனதைப் பலரும் படித்திருப்பார்கள். பாட்டு ஆப்புக்கு மாதச் சந்தா கட்டுகிறோமே என்று கேட்கலாம். அந்தப் பணம் கேட்பதற்கு மட்டும். எடுத்து வீடியோவில் ஒட்டுவதற்கு அல்ல.

நடைமுறையில் போலீஸ் வீட்டுக்கு வராது. யூடியூபின் கன்டென்ட் ஐடி வரும். ஏற்றப்படும் ஒலியை அது தானாக ஒப்பிட்டுப் பார்க்கும். பெரும்பாலும் வீடியோ அப்படியே இருக்க, விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகும். சில சமயம் வீடியோ முடக்கப்படும். இதைக் கண்டு பதற வேண்டாம். இது வெறும் உரிமைக் கோரல். உரிமையாளரே நேரடியாக நீக்கச் சொல்லி வரும் ‘ஸ்ட்ரைக்’ வேறு. 90 நாளில் மூன்று வந்தால் சேனலே போய்விடும். கோரல் வந்தால் யூடியூப் ஸ்டுடியோவிலேயே அந்தப் பாட்டை மட்டும் நீக்கவோ மாற்றவோ வழி உண்டு. இந்தச் சுற்றே வேண்டாம் என்றால், சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பிவிட்டால் காரியம் முடிந்தது.

ஸ்டுடியோ நண்பர் தன் நிலைமையையும் யோசிப்பது நல்லது. கூலி வாங்கிக்கொண்டு, பிறர் பாட்டைச் சேர்த்து வீடியோ செய்து கொடுப்பதைச் சொந்த உபயோகம் என்று வாதாடுவது கடினம். பதிப்புரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். இது ஜாமீனில் விட முடியாத குற்றம் என்று 2022-ல் நிட் ப்ரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வியாபார லாபத்துக்காகச் செய்யாதவருக்குத் தக்க காரணம் காட்டித் தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அந்தச் சலுகை வீட்டுக்காரருக்குப் பொருந்தும், ஸ்டுடியோவுக்குப் பொருந்தாது.

பாட்டை வெட்டுவது குற்றமா என்ற கேள்விக்கு, சட்டத்தில் அதிகம் பேர் கவனிக்காத ஒரு பதில் இருக்கிறது. பாடியவர், வாசித்தவர் ஆகியோரின் பெயருக்குக் களங்கம் வரும்படி அவர்கள் நிகழ்ச்சியைச் சிதைக்கக் கூடாது என்று 38பி பிரிவு சொல்கிறது. 2012 திருத்தத்தில் வந்த பிரிவு இது. அதன் விளக்கத்திலேயே, எடிட்டிங்குக்காக ஒரு பகுதியை நீக்குவதும், குறித்த நேரத்துக்குள் பதிவை அடக்குவதும் களங்கமாகக் கருதப்படாது என்று எழுதியிருக்கிறார்கள். ஆறரை நிமிடத்துக்குப் பொருத்துவதற்காக ஒரு சரணத்தை எடுத்ததால் பாடகர் கோபிக்க முடியாது. பாட்டை உருக்குலைத்தால் கவிஞரும் இசையமைப்பாளரும் 57-வது பிரிவில் கேட்கலாம். ஆனால் சாதாரண வெட்டு அந்த அளவுக்குப் போகாது. இவையெல்லாம் வெட்டுவதைப் பற்றிய சமாதானம் மட்டுமே. பயன்படுத்தவே அனுமதி இல்லாத இடத்தில் அழகாக வெட்டியிருக்கிறோம் என்பது பதில் ஆகாது. வீடியோ நீளத்துக்கு ஏற்பப் பாட்டைத் தானாக நீட்டிக் குறுக்கும் மென்பொருள்கள் இப்போது வந்துவிட்டன. அவை வேலையைச் சுலபமாக்குமே தவிர, உரிமை எதையும் வாங்கித் தராது.

பழைய பாட்டு போடலாமே என்பார்கள். ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் இருக்கும். 1964-ல் வந்த பதிவுக்கு 2024-ஓடு முடிந்துவிட்டது. ஆனால் வரிகளின் உரிமை கவிஞர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள். 1981-ல் மறைந்த கண்ணதாசனின் வரிகளுக்கு 2041 முடிய உரிமை உண்டு. பாரதியார் பாடல்களில் இந்தச் சிக்கல் இல்லை. அவற்றை யார் வேண்டுமானாலும் பாடிப் பதிவு செய்யலாம்; இன்னொருவர் போட்ட மெட்டையோ பாடிய பதிவையோ எடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இலவச இசை வேண்டுமென்றால் யூடியூபின் ஆடியோ லைப்ரரி இருக்கிறது. சிலவற்றுக்கு இசைத்தவர் பெயர் போட வேண்டும். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கும் இசையில் ‘என்டி’ என்ற எழுத்துகள் இருந்தால் தொடக் கூடாது. மாற்றி அமைத்து வெளியிடக் கூடாது என்பது அதன் பொருள். காட்சியோடு இசையைப் பொருத்துவதே மாற்றம்தான் என்று அந்த உரிமமே வரையறுக்கிறது.

இனி அப்பாயி. வாசகர் கடைசியாகக் கேட்ட இதுதான் அவர் கையில் இருப்பதிலேயே மதிப்புள்ள சொத்து. தலைமுறை தலைமுறையாக மலையில் பாடப்பட்டு வரும் பாட்டுக்குத் தனி உரிமையாளர் இல்லை. யாரிடமும் அனுமதி வேண்டாம். அந்தப் பதிவின் உரிமை, பதிவு செய்ய முன்கை எடுத்துப் பொறுப்பேற்ற வாசகருடையது. பாடிய அப்பாயிக்கு நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டுகள் உண்டு. அவர் சம்மதம் மட்டும் தேவை. ஆறரை நிமிடத்துக்கு நீட்டலாம், குறுக்கலாம், யூடியூபில் ஏற்றலாம். அவர் பாடியது ரேடியோவில் கேட்ட சினிமாப் பாட்டாக இருந்தால் மட்டும் மேலே சொன்ன விதிகள் திரும்ப வந்துவிடும்.

எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி, கேமராவோடு மலைக்கு வருபவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். ‘பாட்டி, ஒரு பாட்டு பாடுங்க’ என்று எடுத்துப் போய்த் தங்கள் சேனலில் போடுகிறார்கள். சம்மதமில்லாமல் பதிவு செய்வதையும் வெளியிடுவதையும் தடுக்க அந்தப் பாட்டிக்குச் சட்டத்தில் உரிமை இருக்கிறது. படத்தில் சேர்க்க எழுத்தில் சம்மதம் கொடுத்துவிட்டால், அதற்கு மாறாக ஒப்பந்தத்தில் எதுவும் இல்லாதவரை, பிறகு தடுக்க முடியாது. வியாபாரமானால் ராயல்டி மட்டும் கேட்கலாம். கையெழுத்தோ கைநாட்டோ வைக்கும் முன் அந்தத் தாளை ஒருவர் படித்துக் காட்ட வேண்டும். வாசகரும் அப்பாயியின் சம்மதத்தை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, இரண்டு சாட்சிகளோடு வைத்துக்கொள்ளட்டும். அசல் பதிவை அழிக்காமல் வைத்திருக்கட்டும். பதிப்புரிமையைப் பதிவு செய்வது கட்டாயமில்லை.

ஏதாவது நோட்டீஸ் வந்தால் பதில் எழுத வக்கீலுக்குச் செலவாகுமே என்று தயங்க வேண்டாம். பழங்குடியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்பது 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவு. கொல்லிமலை மலையாளி மக்கள் அனைவருக்கும் இது பொருந்தும். நாமக்கல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும். கீழே இறங்க முடியாதவர்கள் 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.