கடல் தரும் சத்தும் காவல் நாயும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

நம் போடிநாயக்கனூருக்குக் கடல் வெகு தொலைவு. மேற்கே ஏலமலை நிமிர்ந்து நிற்கிறது. அதன் சரிவுகளில் தோட்டத்தையும் வீட்டையும் இரவெல்லாம் காப்பது நாய்தான். நம் அருகிலுள்ள கோம்பையின் பெயரையே தாங்கிய நாய் இனம் ஒன்று இருப்பது நமக்குப் பெருமை. ஆனால் அந்தக் காவல்காரனின் தட்டில் பெரும்பாலும் விழுவது மீந்த சோறும் ரசமுமே. இப்போது கடைகளில் நாய்க்கென்றே மீன் எண்ணெய்க் குப்பிகள் விற்கின்றன. அவற்றின் நன்மை, தீமைகளை இக்கட்டுரையில் காண்போம்.

நாய்க்குட்டிகள் கற்பித்த பாடம்

1919-ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் எட்வர்ட் மெல்லன்பி என்னும் அறிஞர், நாய்க்குட்டிகளை வீட்டுக்குள்ளேயே வைத்துக் கஞ்சி உணவில் வளர்த்தார். அவற்றின் எலும்புகள் மென்மையாகிக் கால்கள் வளைந்தன. காட் என்னும் மீனின் ஈரல் எண்ணெயைக் கொடுத்தபோது அந்நோய் விலகியது. அந்த எண்ணெயில் இருந்த சத்து வைட்டமின் ஏ அன்று, வேறொன்று என்பதை 1922-இல் அமெரிக்க அறிஞர் மெக்கொல்லம் குழுவினர் காட்டினர். அதுவே வைட்டமின் டி. மனிதக் குழந்தைகளைக் காக்க வழிகாட்டியவை நாய்க்குட்டிகளே!

வெயில் பட்டால் நம் தோல் இச்சத்தை உண்டாக்கிக் கொள்ளும். நாயின் தோலால் போதிய அளவு உண்டாக்க முடியாது. ஆகவே அது உணவிலிருந்தே வரவேண்டும்.

இருவகை எண்ணெய்கள்

ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ, டி இரண்டும் மிகுதி. இரண்டாம் உலகப் போரின்போது காட் எண்ணெய் இறக்குமதி தடைப்படவே, அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த கோழிக்கோட்டில் சுறாமீன் ஈரலிலிருந்து எண்ணெய் எடுத்தார்கள்.

மத்தி போன்ற மீன்களின் உடலிலிருந்து எடுப்பது மற்றொரு வகை. இதன் சிறப்பு ஒமேகா-3 என்னும் கொழுப்பு. கடலின் நுண்பாசிகள் இதை உண்டாக்குகின்றன. அவற்றின் வழியாக மீனுக்கு வருகிறது. குட்டியின் மூளைக்கும் கண்ணுக்கும் இது உதவும். தோல் அரிப்பையும், முதிய நாயின் மூட்டு வலியையும் தணிக்கும். ஆளிவிதையிலும் ஒருவகை ஒமேகா-3 உண்டு. எனினும் நாயின் உடல் அதில் சிறு பகுதியையே இவ்வாறு பயன்படும் வடிவுக்கு மாற்றுகிறது.

கவனிக்க வேண்டியவை

1. ஈரல் எண்ணெய் அளவு மீறினால் வைட்டமின்கள் உடலில் தேங்கி எலும்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நமக்கென வாங்கிய மாத்திரையை நாய்க்குக் கொடுக்கலாகாது.

2. மீன் எண்ணெய் மிகுந்தால் வயிற்றுப்போக்கு வரும். இரத்தம் உறைவதும் தாமதப்படும். காறல் வாடை அடிக்கும் எண்ணெயைக் கொட்டிவிட வேண்டும்.

3. எண்ணெயில் சுண்ணாம்புச் சத்து இல்லை. வெறும் சோறு தின்னும் குட்டிக்கு எத்தனை குப்பி வாங்கினாலும் எலும்பு உறுதிப்படாது.

எளிய வழி

உப்பு, காரம், வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல், மத்தி மீனைக் குடல் நீக்கிக் குக்கரில் முள் மசியும்வரை வேகவைத்துச் சோற்றில் பிசைந்து வாரம் ஓரிரு முறை கொடுக்கலாம். கொழுப்போடு முள்ளிலுள்ள சுண்ணாம்பும் கிடைக்கும். சந்தைக் கருவாட்டில் உப்பு அதிகம். அதை அப்படியே போடக்கூடாது. மீன் குழம்பும் வேண்டாம், வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். இவற்றுடன் முட்டையும் இறைச்சியும் இயன்ற அளவு சேர வேண்டும்.

முடிவுரை

வளர்ந்து முடிந்த பின் வளைந்த கால் தானாக நிமிராது. குட்டியாக இருக்கும் சில மாதங்களே நம் கையில் உள்ளன. எனவே தோழியரே, காலை அகட்டி நடக்கும் குட்டியைக் கண்டால் கடைக்கு ஓடாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. அளவோடு கிடைத்தால் கடல் மீனும் மருந்து. நமக்காக விழித்திருக்கும் வாயில்லாச் சீவனுக்கு நல்ல உணவிடுவது நம் கடமையாகும்.