உன் இடுப்பு வேறு, அவர் இடுப்பு வேறு

ராயபுரம்,
ஞாயிறு காலை

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. டிரெய்லர் ஓட்டுவதை விட்டுவிட்டு உடம்பு பிடித்துவிடும் தொழிலுக்கு வரப்போகிறேன் என்கிறாய். வா, எனக்கு ஆட்சேபமில்லை. இரண்டு வருஷம் இடுப்பு வலியோடு கிளட்ச் மிதித்துவிட்டு, காசிமேட்டுப் பெரியவர் நீவிவிட்ட பிறகு நிமிர்ந்து நடந்தவனுக்கு அந்த ஆசை வராவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் ‘வலியை அனுபவிச்சவனுக்குத்தான் சார் வலி புரியும்’ என்று எழுதியிருக்கிறாயே, அந்த ஒரு வரி மூன்று நாளாக என்னை அரிக்கிறது. அனுபவித்தவனுக்குப் புரிவது அவனுடைய வலி. அதுவும் பாதிதான்.

எலும்பு, தசை எல்லாம் மாலை வகுப்பில் படித்திருக்கிறாய். திரும்பச் சொல்ல மாட்டேன். என் கதையைச் சொல்கிறேன். நாற்பத்தெட்டு வயதில் எனக்குத் தோள்பட்டை இறுகிப்போனது. சட்டைக்குள் கையை நுழைக்க இன்னொரு ஆள் வேண்டும். சரியாக ஒன்பது மாதம் ஆயிற்று. அதன் பிறகு வந்தவர் தோளெல்லாம் என் தோளாகவே தெரிந்தது. மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பார் தூக்குகிற ஒருவர் இடது தோள் வலி என்று வந்தார். என்னைக் குணமாக்கிய அதே பயிற்சியை அவருக்கும் மூன்று நாள் கொடுத்தேன். நாலாம் நாள், தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாவிடம் அவர் சொல்வது காதில் விழுந்தது: “கையத் தூக்குனா ஒண்ணுமில்ல ஆயா, மாடிப்படி ஏறுனாத்தான் புடிக்குது.” படி ஏறும்போது மட்டும் வருகிற தோள் வலி பெரும்பாலும் தோளில் பிறந்ததல்ல, இதயத்தில் பிறந்ததாக இருக்கலாம். அன்றைக்கே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பிழைத்தார். மூன்று நாளும் அவரை நான் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்கவில்லை.

உன்னைப் போல ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், ஜான் பொனிகா என்று. 1917-ல் இத்தாலியில் பிலிக்கூடி என்ற சின்னத் தீவில் பிறந்து, சிறுவனாக நியூயார்க் போய், ஷூ துடைத்து, பேப்பர் விற்று, மருத்துவம் படிக்கப் பணமில்லாமல் மல்யுத்த மேடை ஏறியவர். முகமூடி போட்டுக்கொண்டு சண்டை போடுவார். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைப் பெயர் சொல்லியே பாக்ஸிங் பார்த்த நம் ஊரில் பிறந்திருந்தால் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். காது சப்பி, இடுப்பு தேய்ந்து, ஆயுள் முழுக்க வலி. மயக்க மருத்துவரானார். 1944-ல் மேடிகன் ராணுவ மருத்துவமனையில், போரில் அடிபட்டு வந்தவர்களின் வலி பலசமயம் அவருக்குப் பிடிபடவில்லை. தன் உடம்பிலேயே அவ்வளவு வலி இருந்தவர், ‘எனக்குத் தெரியாததா’ என்று சொல்லவில்லை, பார்! நரம்பு, எலும்பு, மனநல மருத்துவர்களிடம் கேட்டார்; பிறகு அவர்களை மதியச் சாப்பாட்டில் ஒன்றாக உட்காரவைத்துப் பேசவைத்தார். இன்றைய வலி கிளினிக்குகள் அந்தச் சாப்பாட்டிலிருந்து வந்தவை. 1953-ல் அவர் எழுதிய தலையணைப் புத்தகத்தை, தீப்பிடிப்பதற்கு முந்தைய மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய புத்தகக் கடையில் பார்த்தேன். விலை கேட்டுவிட்டு வைத்துவிட்டு வந்தேன். 1985-ல் மார்க்கெட்டே எரிந்துபோனது. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் இருக்கிறது.

அப்புறம், உன் எம்.ஆர்.ஐ. படம். டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று கடிதத்தில் நாலு இடத்தில் எழுதியிருக்கிறாய். வலியே இல்லாத 3,110 பேரின் படங்களைத் தொகுத்து 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. இருபது வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும் ஐம்பது வயதுக்காரர்களில் 60 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுங்கித்தான் இருந்தது. நரைமுடி மாதிரி. பெரியவர் உன் டிஸ்க்கை ‘உள்ளே தள்ளிவிட்டார்’ என்று நாளைக்கு வருகிறவரிடம் சொல்லாதே. அவர் தளர்த்தியது உன் தசையை. கூடவே உன் பயத்தையும். அதுவும் பெரிய வேலைதான்.

எனக்கு ஒரு கிறுக்குக் கொள்கை உண்டு, சிரிக்காதே. மூட்டை சுமந்த காலத்தில் ராயபுரத்தின் வலி கழுத்தில் இருந்தது. சும்மாடு சுற்றத் தெரிந்தவன் பிழைத்தான். 1983-ல் சென்னைத் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் முனையம் வந்தது; வலி மெல்ல இடுப்புக்கு இறங்கி, எண்ணூர் விரைவுச் சாலை வரிசையில் டிரெய்லர் சீட்டில் உட்கார்ந்துகொண்டது. உன் வலி அந்த வரிசையின் வலி. காசிமேட்டில் இன்னும் சும்மாடு வைத்துக் கூடை தூக்குகிற அம்மாவின் வலி வேறு கணக்கு. இரண்டுக்கும் ஒரே தைலம், ஒரே கை என்றால் மூன்று மாதச் சான்றிதழ் போதும், நான் எதற்கு?

இடுப்பு வலியோடு சிறுநீர் அடைத்துக்கொண்டது, உட்காரும் இடம் மரத்துப்போனது என்று ஒருவர் சொன்னால் தொடாதே. அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரி. படுத்தாலும் அடங்காத வலி, மாலைக் காய்ச்சல், எடை இறங்குகிறது என்றால் முதுகெலும்பில் காசநோயா என்று பார்க்கச் சொல். இதைப் பெரியவர் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்.

வேலையை இப்போதே விடாதே. அடுத்த ஞாயிறு வரும்போது பத்துப் பேரிடம் கேட்டு எழுதிக்கொண்டு வா. எங்கே வலிக்கிறது என்று எல்லாரும் கேட்டிருப்பார்கள். எப்போது வலிக்காமல் இருக்கிறது என்று நீ கேள். கூடைக்கார அம்மாக்களிடம் மீன் ஏலம் முடிந்த பிறகு போ. அதற்கு முன்னால் போனால் திட்டுத்தான் கிடைக்கும்.

அன்புடன்,
உன் சார்