ஆண்டின் நிறைவும் ஒரு பாடமே

ஒரு பாடவேளையை எவ்வாறு தொடங்குவது என்பதைப் பற்றி ஆசிரியப் பயிற்சி பெறுவோர் மிகுதியாகச் சிந்திப்பர். எவ்வாறு முடிப்பது என்று சிந்திப்போர் சிலரே. ஆயினும், பயிற்சிப் பள்ளியில் நாம் எழுதிய பாடக் குறிப்பு ஒவ்வொன்றிலும் ஊக்குவித்தல், பாடப்பொருளை விளக்குதல் ஆகியவற்றுக்குப் பின்னர்த் தொகுத்துக் கூறல், மதிப்பிடல், வீட்டுவேலை என்னும் மூன்று பகுதிகள் தவறாது இடம்பெறும். 40 நிமிடப் பாடவேளையில் 5 நிமிடமேனும் அவற்றுக்கென ஒதுக்கப்பட வேண்டும். மணி அடித்தவுடன் சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு வெளியேறினால், அப்பாடம் முடிந்ததாகாது, அறுந்ததாகவே கொள்ளப்படும்.

ஒரு பாடவேளைக்குப் பொருந்தும் இவ்விதி ஓர் ஆண்டுக்கும் பொருந்துமன்றோ? தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஜூன் மாதம் தொடங்கும் கல்வியாண்டு ஏப்ரலில் நிறைவுறுகிறது. ஆண்டுத் தேர்வு நெருங்கும்போதே வருகை குறையத் தொடங்குகிறது. தேர்வு முடிந்ததும், "இனி என்ன இருக்கிறது?" என்னும் எண்ணம் பிள்ளைகளுக்கு மட்டுமின்றிப் பெற்றோருக்கும், சில வேளைகளில் ஆசிரியருக்கும் வந்துவிடுகிறது. இவ்விறுதி நாட்களில் ஆற்ற வேண்டிய பணிகள் சில உள்ளன. அவற்றையெல்லாம் ஒரே சொல்லில் அடக்க வேண்டுமாயின், "ஒப்படைத்தல்" எனலாம். இவ்வாண்டு கற்றதை அடுத்த ஆண்டிடமும், இவ்வகுப்பின் குழந்தையை அடுத்த வகுப்பின் ஆசிரியரிடமும் முறையாக ஒப்படைக்க வேண்டும். கை மாறும்போது நழுவிவிடுவது எளிது. அந்த நழுவலைத் தடுப்பது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

1. மறதியின் இயல்பு

செருமானிய அறிஞர் எர்மன் எபிங்காஸ் என்பார் 1885-ஆம் ஆண்டில் நினைவாற்றல் குறித்து ஒரு நூல் வெளியிட்டார். பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, குறிப்பிட்ட கால இடைவெளிகளில் அவற்றை மீண்டும் கற்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அவர் கணக்கிட்டார். மறதி முதல் ஒரு மணி நேரத்திலும் முதல் நாளிலும் மிக விரைவாகவும், பின்னர் மெல்ல மெல்லவும் நிகழ்கிறது என்பது அவர் கண்ட முடிவு. மற்றொன்றையும் அவர் கண்டார். மறந்ததுபோல் தோன்றுவதையும் மறுமுறை கற்கும்போது முதன்முறையைக் காட்டிலும் குறைந்த நேரமே தேவைப்படுகிறது. அதாவது, ஒருமுறை கற்றது முற்றிலும் அழிந்துவிடுவதில்லை. இடையிடையே நினைவூட்டினால் அது மீளும்.

நீண்ட விடுமுறையின் விளைவை அமெரிக்க நாட்டில் பலர் ஆராய்ந்துள்ளனர். ஆரிஸ் கூப்பர் என்பாரும் அவர்தம் குழுவினரும் அத்தகைய 39 ஆய்வுகளைத் தொகுத்து 1996-ஆம் ஆண்டில் ஒரு மதிப்பீடு வெளியிட்டனர். கோடை விடுமுறைக்குப் பின் மாணவர்களின் தேர்ச்சி, சராசரியாக ஒரு மாதப் படிப்பு அளவுக்குப் பின்தங்குகிறது என்று அவர்கள் கணித்தனர். கணக்கிடும் திறனிலும் எழுத்துப் பிழையின்றி எழுதுவதிலும் இழப்பு மிகுதி. வாசிப்பிலோ, வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் பின்தங்க, வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் சற்று முன்னேறினர். அந்நாட்டு விடுமுறை நம்முடையதினும் நீண்டது. எனினும், வீட்டில் புத்தகம் இல்லாத பிள்ளைக்கே விடுமுறை மிகுந்த இழப்பைத் தருகிறது என்னும் உண்மை நமக்கும் பாடமாகும்.

நம் மாநிலத்திலேயே இதனைப் பெரிய அளவில் கண்டோம். கொரோனாப் பெருந்தொற்றினால் 2020 மார்ச்சு மாதம் மூடப்பட்ட பள்ளிகளில், 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் முதல் நாளன்றுதான் மீண்டும் திறந்தன. ஏற்பட்ட இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் "இல்லம் தேடிக் கல்வி"யும், 2022 ஜூனில் "எண்ணும் எழுத்தும்" திட்டமும் தொடங்கப்பெற்றன. இடைவெளி நீண்டால் கற்றது கரையும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

2. கற்பித்துக் கற்றல்

ஆண்டிறுதி நாட்களில் மீள்பார்வை செய்க என்றால், பிள்ளைகள் சலிப்படைகின்றனர். தேர்வு எழுதி முடித்த பாடத்தை மீண்டும் ஒப்புவிக்கச் சொல்வது பயன் தராது. இதற்கு நம் முன்னோரே நல்ல வழி காட்டியுள்ளனர். சீயகங்கன் வேண்டுகோளுக்கு இணங்கிப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், கற்பித்தலின் இலக்கணத்தையும் பாடங்கேட்டலின் இலக்கணத்தையும் விரிவாகப் பேசுகிறது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் மாணவனுக்குக் கிட்டுவது புலமையில் கால் பங்குதான். உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு கால் பங்கு கிட்டும். எஞ்சிய அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் நிறைவுறும் என்பது அந்நூல் தரும் கணக்கு.

திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இளையோருக்குப் பாடம் சொன்னதும் இவ்வழியே. சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கென இயங்கிய காப்பகத்தைக் கண்காணித்த ஆண்ட்ரூ பெல் என்பார், நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகக் கண்டு, மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பிக்கும் முறையைத் தம் பள்ளியிலும் கையாண்டார். 1797-இல் அவர் அதனை நூலாக வெளியிட்ட பின், அது "சென்னை முறை" என்னும் பெயரால் இங்கிலாந்திலும் பரவியது.

ஆகவே, ஏப்ரலில் எஞ்சியுள்ள நாட்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை இரண்டாம் வகுப்புக்கு ஆசிரியர்களாக அனுப்புவோம். ஒருவர் ஒரு கதையை வாசித்துக் காட்டட்டும். மற்றொருவர் கடன் வாங்கிக் கழித்தலைப் புளியங்கொட்டைகளைக் கொண்டு விளக்கட்டும். விளக்கப் புகும்போதுதான், தனக்கு எது விளங்கவில்லை என்பது பிள்ளைக்குத் தெரியவரும். மதிப்பெண் அச்சமின்றித் தன் குறையைத் தானே அறிந்துகொள்ள இதனினும் நல்ல தேர்வு இல்லை.

3. அடுத்த ஆசிரியருக்கு ஒரு வரி

ஒரு பிள்ளையின் பெயர் தேர்ச்சிப் பட்டியலில் ஏறிவிட்டமை, அப்பிள்ளை அவ்வகுப்புக்குரியவற்றை எல்லாம் கற்றுவிட்டதற்குச் சான்று ஆகாது. ஓராண்டு முழுவதும் உடனிருந்த ஆசிரியருக்கே அப்பிள்ளையின் உண்மை நிலை தெரியும். அவ்வறிவு அவரோடு விடுமுறைக்குச் சென்றுவிட்டால், ஜூன் மாதத்தில் புதிய ஆசிரியர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவர் அறிந்துகொள்வதற்குள் காலாண்டுத் தேர்வே வந்துவிடும்.

மாணவர் திரள் பதிவேட்டில் "நன்று", "சுமார்" என்று எழுதுவதால் பயனில்லை. "வாய்பாடு தெரியும், வகுத்தலில் தடுமாறுகிறான்", "கரும்பலகை தெளிவாகத் தெரியவில்லை, முன் வரிசையில் அமர்த்துக", "தாய் இல்லை, பாட்டியிடம் வளர்கிறாள்" என்று ஒரு வரி எழுதினால் போதும். 40 பிள்ளைகளுக்கு 40 வரிகள். இரண்டு மணி நேர வேலைதான். அதன் பயன் அடுத்த ஆண்டு முழுமைக்கும் நிற்கும்.

4. பள்ளி மாறும் குழந்தை

எல்லாவற்றினும் கவலைக்குரியது, ஐந்தாம் வகுப்பையோ எட்டாம் வகுப்பையோ முடித்து வேறு பள்ளிக்குச் செல்ல வேண்டிய குழந்தையின் நிலை. பழைய பள்ளியின் பதிவேட்டில் பெயர் நீங்கிவிட்டது. புதிய பள்ளியின் பதிவேட்டில் இன்னும் ஏறவில்லை. இடையில் உள்ள மே மாதத்தில் அக்குழந்தைக்கு உரியவர் எவர்? "இரண்டு மாதம்தானே, கடையில் நிற்கட்டும்" என்று அனுப்பப்பட்ட சிறுவன், கையில் காசு பார்த்த பின் பள்ளிக்குத் திரும்பாமற்போவது உண்டு. "வயதுக்கு வந்துவிட்டாள், இனி எதற்கு?" என்று வீட்டில் நிறுத்தப்படும் சிறுமியரும் உளர். அவர்கள் படிப்பை விடுவதை எவரும் அறிவிப்பதில்லை. ஜூன் மாதத்தில் வராதிருப்பார்கள், அவ்வளவே.

நாம் பணியாற்றிய சிற்றூர்த் தொடக்கப் பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் இல்லை. ஆறாம் வகுப்புக்கு 4 கிலோமீட்டர் நடக்க வேண்டும். வழியில் ஆள் நடமாட்டமற்ற ஏரிக்கரை ஒன்றும் உண்டு. அங்கிருந்த தலைமையாசிரியை ஒவ்வோர் ஏப்ரலிலும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை அப்புதிய பள்ளிக்கு நடத்தி அழைத்துச் செல்வார். தாய்மார் சிலரையும் உடன் வரச்செய்வார். வகுப்பறை, குடிநீர்க் குழாய், கழிப்பறை ஆகியவற்றைக் காட்டுவார். அங்குள்ள ஆசிரியரிடம் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அறிமுகம் செய்வார். ஓராண்டு, "ஏரிக்கரை வழியே பெண்பிள்ளையை அனுப்பமாட்டேன்" என்று உறுதியாக இருந்த தாய் ஒருவர் எம்முடன் நடந்து வந்தார். திரும்பும் வழியில், உடன் வந்த மற்ற தாய்மாரிடம், "நம் பிள்ளைகள் ஐவரும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே வருவதானால் அனுப்புகிறேன்" என்றார். ஜூன் மாதத்தில் ஐவரும் சேர்ந்தே சென்றனர். அறிவுரையால் ஆகாதது அந்த ஒருநாள் நடையால் ஆயிற்று.

பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய சட்டங்கள் சில உண்டு. 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, பள்ளி மாறும் குழந்தைக்கு மாற்றுச் சான்றிதழை உடனே வழங்க வேண்டும் என்கிறது. அச்சான்றிதழ் வரத் தாமதம் என்று காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுத்தலும் கூடாது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்ட பின், 14 வயது நிறையாத குழந்தையை எத்தொழிலிலும் அமர்த்துதல் குற்றமாகும். பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும், தீங்கு விளைவிக்காத சொந்தக் குடும்பத் தொழிலில் உதவுவதற்கு விலக்கு உண்டு. துன்புறும் குழந்தையைக் கண்டால் 1098 என்னும் எண்ணுக்கு யாரும் தெரிவிக்கலாம்.

5. அடுப்பு அணையும் நாள்

விடுமுறை என்றதும் நம் பிள்ளைகள் துள்ளுகின்றனர். அந்நாளை அஞ்சும் பிள்ளைகளும் உளர் என்பதை மறத்தலாகாது. காமராசர் காலத்தில் 1956-இல் பரவலாக்கப்பட்டு, 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அவர்களால் விரிவாக்கப்பட்ட பகலுணவு, எத்தனையோ குழந்தைகளுக்கு நாளின் நம்பத்தக்க உணவு. 2022 செப்டம்பரில் காலை உணவும் தொடங்கப்பெற்றது. பள்ளி மூடும் நாளில் அவ்வடுப்பு அணைகிறது. வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் பகலுணவு வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலில் ஆணையிட்டதும் இதனாலேயே. சட்டம் எட்டாத இடத்தில் அண்டை வீடு எட்டலாம். நம் தெருவில் அத்தகைய குழந்தை இருப்பின், நம் பிள்ளையோடு படிக்கவும் விளையாடவும் அழைத்து, உடன் அமர்த்தி உணவளிப்போம். அது ஈகை போல் தோன்றாதிருத்தல் நன்று; பிள்ளைகளின் நட்பாகவே நிகழட்டும்.

6. வீட்டில் செய்யத்தக்கவை

விடுமுறை ஓய்வுக்குரியது. அதனை மற்றொரு பள்ளியாக்கிவிட வேண்டா. ஆயினும், கீழ்க்காண்பவற்றைப் பெற்றோர் கடைப்பிடித்தல் நலம்.

(அ) குறிப்பேடுகளை மறுநாளே பழைய தாள் கடைக்குப் போடாதீர்கள். ஜூன் இறுதி வரை வைத்திருங்கள். மறந்ததை மீட்க அவையே எளிய துணை.

(ஆ) நாள்தோறும் 20 நிமிடம் வாய்விட்டு வாசித்தல் போதும். கதை, செய்தித்தாள், பழைய பாடநூல் எதுவாயினும் ஆகுக.

(இ) கடைக்கணக்கு, பால்கணக்கு, பயணச்சீட்டுக் கணக்கு ஆகியவற்றைப் பிள்ளையே எழுதட்டும்.

(ஈ) இரவல் வாங்கிய நூல்களைப் பள்ளி மூடுமுன் திருப்பித் தரச் செய்யுங்கள்.

(உ) மதிப்பெண்ணை உடன்பிறந்தாரோடும் அடுத்த வீட்டாரோடும் ஒப்பிட்டு விடுமுறையைக் கசப்பாக்காதீர்கள்.

7. இறுதி நாள்

இறுதி நாளன்று ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தாளில் மூன்று செய்திகளை எழுதட்டும்: இவ்வாண்டு நன்கு கற்றது எது, இன்னும் ஐயமுள்ளது எது, யாருக்கு நன்றி சொல்ல வேண்டும். மூன்றாவதில் சமையல் அம்மாவும் துப்புரவுப் பணியாளரும் இடம்பெறுவதைக் காணலாம். அவர்களை வகுப்புக்கு அழைத்து அத்தாள்களை வாசித்துக் காட்டுவோம். பள்ளித் தோட்டத்து மரக்கன்றுகளுக்கு எந்த நாளில் எவர் நீர் ஊற்றுவது என்று முறை வகுப்போம். கோடையில் வாடாத கன்றைக் காண, பிள்ளை ஜூன் மாதத்தில் ஆவலோடு வருவான்.

அதன்பின் ஆசிரியர் செய்ய வேண்டியது ஒன்றே. வருகைப் பதிவேட்டை மூடுமுன், அதிலுள்ள ஒவ்வொரு பெயரையும் மெல்லப் படித்து, "இக்குழந்தை ஜூனில் எங்கே இருக்கும்?" என்று தம்மையே வினவுதல் வேண்டும். விடை தெரியாத பெயர் ஒன்றிருப்பினும் அவ்வீட்டுக்கு ஒருமுறை சென்று வருதல் கடமை. எல்லாப் பெயருக்கும் விடை கிடைத்த பின்னரே அவ்வாண்டு நிறைவுற்றதாகக் கொள்வோமாக.