பழைய ஜீப்: டிரான்ஸ்பர் கேஸைப் பிரிக்கும் முன்

மகீந்திரா சி.ஜே. 3-பி போன்ற பழைய ஜீப்புகளில் கியர் பாக்ஸின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது டிரான்ஸ்பர் கேஸ். செய்யூர் பகுதியின் உப்பளப் பாதையிலும் கடற்கரை மணலிலும் ஓடும் வண்டியில் இது தொல்லை தந்தால், பிரிப்பதற்கு முன் கீழ்க்கண்டவற்றைச் சோதிக்கவும். வீண் செலவு மிச்சமாகும்.

லீவர் இறுகுதல்: வளைவில் முன், பின் சக்கரங்கள் ஓடும் தூரம் வேறுபடும். மணலில் சறுக்கிச் சரியாகும். தார் ரோட்டில் ஆகாது. எனவே தாரில் நான்கு சக்கர இயக்கத்தில் ஓட்டினால் விசை முறுகி லீவர் இறுகும். சிறிது தூரம் பின்னோக்கி ஓட்டினால் விடுபடும். டயர்கள் ஒரே அளவில் இருப்பது அவசியம்.

எண்ணெய்: சமதளத்தில் நிறுத்தி, கியர் பாக்ஸ், டிரான்ஸ்பர் கேஸ் இரண்டிலும் அளவு பார்க்கவும். எண்ணெய் ஊற்றும் துளையின் விளிம்பு வரை இருக்க வேண்டும். ஒன்றில் கூடி மற்றதில் குறைந்தால் இடையிலுள்ள சீல் கெட்டிருக்கலாம். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துள்ளது, உடனே மாற்றவும்.

சத்தம்: சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, டிரான்ஸ்பர் கேஸை நியூட்ரலில் வைத்து இன்ஜினை ஓட்டவும். கியர் பாக்ஸும் நியூட்ரலில் இருக்கும்போதே சத்தம் வந்தால் குறை வேறிடத்தில். டாப் கியர் போட்ட பிறகே வந்தால் டிரான்ஸ்பர் கேஸின் இடைப் பல்சக்கரத்தைச் சந்தேகிக்கலாம்.

நழுவுதல்: ஓட்டத்தில் லீவர் தானே நழுவினால், ஷிப்ட் கம்பியைப் பிடிக்கும் குண்டையும் ஸ்பிரிங்கையும் முதலில் பார்க்கவும். அவை நன்றாக இருந்தால் இடைத் தண்டும் பேரிங்கும் தேய்ந்திருக்கலாம். அப்போது பிரிப்பதே வழி.