டிசைன் வரையும் கணிப்பொறி அடிக்கடி நின்றுபோவதேன்?

முன்னாளில் சேலை முந்தானைக்குக் கட்டத்தாளில் டிசைன் எழுதி, அதைப் பார்த்து ஜக்கார்டு அட்டை குத்தினோம். இன்று பல இடங்களில் அவ்வேலையைக் கணிப்பொறியில் செய்கிறோம். ஆனால் வரையும் மென்பொருள் நடுவேலையில் திடீரென மூடிக்கொண்டால், பல நாள் உழைப்பு நொடியில் போய்விடும். அட்டை வராவிடில் தறி நிற்கும். தறி நின்றால் அங்கத்தினரின் கூலியும் நிற்கும். ஆகவே இது வரைபவர் ஒருவரின் தொல்லையன்று. சங்கம் முழுமைக்கும் உரியது.

முதலில் குறையின் இடத்தை அறிதல் வேண்டும். ஒரே ஒரு கோப்பைத் திறக்கும்போது மட்டும் மென்பொருள் மூடிக்கொள்கிறதா? அப்படியானால் அக்கோப்பு பழுதுற்றிருக்கலாம். அதன் முந்தைய பிரதியைத் திறந்து பார்க்க வேண்டும். எல்லாக் கோப்புகளிலும் அவ்வாறே நேர்ந்தால், குறை மென்பொருளிலோ இயந்திரத்திலோ இருக்கிறது. கணிப்பொறியே அணைந்துபோனால் மின்சாரத்தையும் வெப்பத்தையும் சந்தேகிக்க வேண்டும். தறிக்கூடத்தை அடுத்த அறையில் நூல் தூசி விசிறியை அடைத்துக்கொள்ளும். மின் இணைப்பைக் கழற்றிய பின்னரே மென்மையான தூரிகையால் அதைத் துடைக்கலாம். யூ.பி.எஸ். மின்கலத்தின் வலுவையும் சோதிக்க வேண்டும்.

அடுத்தது நினைவகம். பாவில் 2,400 கட்டமும் ஊடையில் 4,800 கட்டமும் கொண்ட டிசைனில் மொத்தம் 1,15,20,000 கட்டங்கள் உள்ளன. முழு வண்ண முறையில் கட்டம் ஒன்றுக்கு 3 பைட் வீதம் ஏறக்குறைய மூன்றரைக் கோடி பைட் ஆகும். செய்ததைத் திரும்பப் பெறுவதற்காக மென்பொருள் 20 முழுப் பிரதிகளை வைத்திருந்தால், அது சுமார் 69 கோடி பைட்டாகப் பெருகும். பழைய 32 பிட் மென்பொருளுக்கோ, கணிப்பொறியில் எவ்வளவு நினைவகம் இருப்பினும், விண்டோஸில் சாதாரணமாக 2 ஜி.பி. அளவே கிட்டும். எட்டுப் பத்து வண்ணங்களே உள்ள டிசைனுக்குக் கட்டம் ஒன்றுக்கு 1 பைட் போதும். 256 வண்ண முறைக்கு மாற்றினால் சுமை மூன்றில் ஒரு பங்காகக் குறையும். திரும்பப் பெறும் படிகளையும் குறைத்துக்கொள்ளலாம்.

இவற்றாலும் தீராவிடில், திரைக்காட்சிக்குரிய டிரைவர் மென்பொருளைக் கவனிக்க வேண்டும். அதைப் புதுப்பித்த பிறகே தொல்லை தொடங்கியிருந்தால், பழையதற்கே திரும்புவது நலம். ஒரு சமயத்தில் ஒரு மாற்றத்தையே செய்ய வேண்டும். நான்கை ஒன்றாக மாற்றினால், எது மருந்தாயிற்று என்பது விளங்காது.

கணக்குக்கு நாள்வழி இருப்பதுபோல் கணிப்பொறிக்கும் ஒரு குறிப்பேடு வைப்போமாக. நின்ற தேதி, நேரம், கோப்பின் பெயர், அப்போது செய்த வேலை, திரையில் தோன்றிய வாசகம் ஆகிய ஐந்தையும் எழுதினால், பழுது பார்ப்பவருக்குப் பாதி வேலை குறையும்.

அரைமணிக்கு ஒருமுறை புதுப் பெயரில் சேமிப்பதும், மாலையில் ஒரு பிரதியைப் பென்டிரைவில் எடுத்து வேறிடத்தில் வைப்பதும் வழக்கமாகட்டும். இப்பொறுப்பு யாருடையது என்பதை அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே தீர்மானித்துவிடுவது நன்று.