அளந்து வைத்த கூரை

பத்தாம் வகுப்பில் இரண்டாம் உலகப்போர்ப் பாடம் நடத்துகையில், கொல்லப்பட்ட யூதர்கள் 60 இலட்சம் என்பதை மாணவர்கள் எண்ணாக மட்டுமே மனப்பாடம் செய்வதைக் கண்டேன். எனவே ஓர் ஊரின் கதையைச் சொன்னேன்.

இன்றைய உக்ரைனிலுள்ள சிற்றூர் குவோஷ்ஜெட்ஸ். அங்கே 17ஆம் நூற்றாண்டில் யூதர்கள் மரத்தாலான தொழுகைக்கூடம் கட்டினர். உட்கூரை முழுவதும் விலங்குகளும் பூக்கொடிகளும் எபிரேய எழுத்துகளுமாக ஓவியங்கள். போரின்போது நாஜிகள் அதை அழித்தனர். அங்கு வழிபட்டவர்களில் பெரும்பாலோரைக் கொன்றனர்.

ஆனால், முன்பே சிலர் அதை அளந்தும் வரைந்தும் ஒளிப்படம் எடுத்தும் வைத்திருந்தனர். அவற்றைக்கொண்டு மாணவர்களும் தன்னார்வலர்களும் கைக்கருவிகளால் அக்கூரையை மீண்டும் உருவாக்கினர். அது இன்று வார்சாவின் போலின் அருங்காட்சியகத்தில் உள்ளது. கூரை திரும்பிவிட்டது, அதன்கீழ் நின்றவர்கள் திரும்பவில்லை.

செயல்பாடு: உங்கள் ஊரின் பழைய கட்டடம் ஒன்றை மாணவர்கள் அளந்து வரையட்டும். அங்கே யார் யார் கூடினார்கள் என்பதையும் பெரியவர்களிடம் கேட்டு எழுதட்டும்.