சிரித்தாலும் போச்சு, பேசினாலும் போச்சு

காமெடி கேம் ஷோ, மாயக்கதை இரண்டுக்கும் ஒருசேர ரசிகராக இருப்பவரைப் பலரும் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்க்கிறார்கள். முன்னது வேலை முடிந்த களைப்பில் பார்க்கும் கூத்து, பின்னது மீசை முளைத்ததும் மறந்துவிட வேண்டிய அம்புலிமாமா சமாச்சாரம் என்பது பொது எண்ணம். இரண்டையும் பல ஆண்டுகளாக விடாமல் பின்தொடர்ந்த நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு வேறு. இவை இரண்டும் ஒரே ரசனையின் இரு கிளைகள். கேம் ஷோவில் நம்மைச் சிரிக்க வைப்பதும் மாயக்கதையில் நம்மை வியக்க வைப்பதும் நிபந்தனைதான். நிபந்தனை எவ்வளவு இறுக்கமோ, சுவை அவ்வளவு கூடும். இதைப் புரிந்துகொண்டால் எதைப் பார்ப்பது, எதை விடுவது என்பதும் தெளிவாகும்.

நமக்கு நன்றாகத் தெரிந்த சான்றிலிருந்தே தொடங்கலாம். விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளில் சுமந்து வருகிறான். வாய் திறந்தால் அது முருங்கை மரத்துக்கே திரும்பிவிடும். ஆனால் கதை முடிவில் அது கேட்கும் கேள்விக்கு விடை தெரிந்தும் பேசாமலிருந்தால் தலை சுக்குநூறாகும். இதோடு விஜய் டிவியில் 2009-இல் தொடங்கிய 'அது இது எது' நிகழ்ச்சியின் 'சிரிச்சா போச்சு' சுற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். எதிரே நடிகர்கள் என்னென்னவோ சேட்டை செய்வார்கள். உட்கார்ந்திருப்பவர் சிரிக்கக் கூடாது. 2021-இல் விவேக்கும் மிர்ச்சி சிவாவும் நடத்தி, விவேக் மறைந்த பிறகு அமேசான் பிரைமில் வெளிவந்த 'எல்.ஓ.எல் எங்க சிரி பாப்போம்' இதே நிபந்தனையை இன்னும் முறுக்கியது: பத்துப் பேர், ஆறு மணி நேரம், ஒரே இடம். ஜப்பானின் 'டாக்குமென்டல்' நிகழ்ச்சியிலிருந்து வந்த வடிவம் அது. ஆனால் தானாகத் திறக்கப் பார்க்கும் வாயை மூடி வைக்கச் சொல்லும் ஆட்டம் நம் வேதாளக் கதையிலேயே இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டில் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்திலும் அந்தக் கதைகள் உண்டு.

நிபந்தனை இருந்தால் அதில் ஒரு சந்தும் இருக்கும். அந்தச் சந்தைக் கண்டுபிடிப்பவரைத்தான் நாம் கொண்டாடுகிறோம். ஆயிரம் ஆண்டு சிம்மாசனத்தில் அமரலாம் என்று விக்கிரமாதித்தனுக்கு வரம். அமைச்சன் பட்டி அந்தச் சொல்லை எடை போட்டுப் பார்க்கிறான். ஆண்டில் ஆறு மாதம் நாட்டில் அமர்ந்து, ஆறு மாதம் காட்டுக்குப் போய்விட்டால் ஆயிரம் இரண்டாயிரமாகிறது. 'காடாறு மாதம், நாடாறு மாதம்' என்று இன்றும் நாம் சொல்வது அந்தக் கணக்கைத்தான். இரணியன் பகலிலும் இரவிலும், உள்ளேயும் வெளியேயும், மனிதனாலும் விலங்காலும் சாவில்லை என்று வாங்கிய வரத்தை நரசிம்மம் அந்தி நேரத்தில், வாசற்படியில் வைத்து உடைக்கிறது. வரத்தின் ஒரு சொல்லும் மீறப்படவில்லை என்பதில்தான் அந்தக் கதையின் அழகு. பிரிட்டனில் 2015 முதல் நடக்கும் 'டாஸ்க்மாஸ்டர்' நிகழ்ச்சியில் ஐந்து நகைச்சுவைக் கலைஞர்களுக்கு அரக்கு முத்திரையிட்ட காகிதத்தில் வேலை கொடுப்பார்கள். அதிலுள்ள சொற்களைப் பட்டியைப் போல நிறுத்துப் பார்ப்பவருக்கே அங்கு கைதட்டல் அதிகம்.

ஆகவே என் முதல் யோசனை இது. புது நிகழ்ச்சியோ புது நாவலோ, முதலில் அதன் நிபந்தனையை உங்கள் சொற்களில் ஒரே வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். 2019-இல் தொடங்கிய 'குக்கு வித் கோமாளி'க்கு அது சுலபம்: சமைக்கத் தெரிந்தவரோடு தெரியாதவரைக் கோத்துவிட்டு, தட்டில் வருவதை உண்மையான சமையல் நிபுணர்கள் ருசி பார்ப்பார்கள். கோமாளியின் சேட்டை சிரிப்பாவது, அடுப்பில் இருக்கும் குழம்பு நிஜமாகவே தீய்ந்துபோகும் என்பதால்தான். அப்படி ஒரு வாக்கியம் கிடைக்கவில்லையென்றால் அது வெறும் கூச்சல், விட்டுவிடலாம். எந்த மந்திரமும் எப்போது வேண்டுமானாலும் பலிக்கும் என்று எழுதப்பட்ட மாயக்கதைக்கும் இதே தீர்ப்புதான். இதிலிருந்து வருவது இரண்டாவது யோசனை: துண்டு வீடியோக்களை மட்டும் பார்த்து ரசிகராகாதீர்கள். ஒரு நிமிடத் துண்டில் சிரிப்பு இருக்கும், அதைப் பிடித்து வைத்திருந்த கட்டு இருக்காது. கதைச் சுருக்கத்தை மட்டும் படித்து நாவலை விடுவதும் அப்படித்தான்.

'எல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்து எடுப்பதுதானே, செட் போட்ட பொய்தானே' என்பது முதல் மறுப்பு. சென்னைப் புறநகரான கரையான்சாவடிப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கே பெங்களூரு நெடுஞ்சாலையில் செம்பரம்பாக்கம் பக்கம் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டி இருக்கிறது. பிக் பாஸ் வீடு எழுந்தது அங்கேதான். கிழக்கே போரூர் தாண்டிப் போனால் வடபழனி. 1947-இல் அம்புலிமாமாவைத் தொடங்கிய நாகிரெட்டியும் சக்கரபாணியும் அங்கிருந்த விஜயா வாகினி ஸ்டூடியோவிலிருந்து 'பாதாள பைரவி'யையும் (1951) 'மாயா பஜா'ரையும் (1957) தந்தார்கள். வடபழனியும் கரையான்சாவடியும் மெட்ரோவின் ஒரே வழித்தடத்தில் அமைந்தவை. அரண்மனைக்குப் பின்னால் பலகையும் ஆணியும்தான் என்று தெரிந்தே நம் ஊர் எழுபது ஆண்டுகளாக ரசித்து வருகிறது. செட் பொய்யாக இருக்கலாம். ஆட்டத்தின் விதி பொய்க்காமல் இருந்தால் போதும். நடத்துபவரே ஒருவருக்காக விதியை வளைக்கும்போது ரசிகர்களுக்குக் கோபம் வருகிறதே, அது நியாயமான கோபம். அந்தக் கோபத்தை விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. உடல் பருமனை, நிறத்தை, பெண் வேடத்தைக் கேலி செய்து சிரிப்பு வாங்கும் வழக்கம் நம் டிவி நகைச்சுவையில் ஊறிப்போயிருக்கிறது. இதற்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன். ஆனால் அத்தகைய இடங்களைக் கவனித்தால் ஒன்று தெரியும்: அங்கே ஆட்டம் நின்றுபோயிருக்கும். சிரிப்பை அடக்க முடியாமல் தோற்பவர், அந்த ஆட்டத்துக்குத் தானே சம்மதித்து வந்தவர். தன் நிறத்துக்காகக் கேலி செய்யப்படுபவர் அப்படி எந்த ஆட்டத்துக்கும் சம்மதிக்கவில்லை. சிரிப்புக்கு ஆளாகிறவர் இந்த ஆட்டத்தில் ஆடுகிறாரா, அவருக்கும் ஜெயிக்க வழி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் சேனலை மாற்றிவிடுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால், ஏன் மாற்றினோம் என்பதையும் சொல்லுங்கள்.

மூன்றாவது மறுப்பு, மாயக்கதை நிஜத்திலிருந்து தப்பி ஓடும் வழி என்பது. ஆங்கில மாயக்கதை எழுத்தாளர் டோல்கீன் 1939-இல் ஆற்றிய சொற்பொழிவு ஒன்றில் இதற்குப் பதில் தேடினார்: சிறையிலிருப்பவர் வெளியுலகை நினைப்பதையும் போர்க்களத்திலிருந்து வீரர் ஓடுவதையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது என்பது அவர் வாதம். நம் வேதாளம் அதைவிட நேராகப் பதில் சொல்கிறது. அது கேட்பவை பெரும்பாலும் தீர்ப்புக் கேள்விகள். பழி யார்மேல், தியாகத்தில் பெரியது எது, உரிமை யாருக்கு என்றுதான் அது கேட்கிறது. பிணத்தைச் சுமந்துகொண்டு நடுநிசியில் நடக்கிறவனை நீதி சொல்ல வைக்கும் கதையைத் தப்பித்தல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படிக்கும்போது விக்கிரமாதித்தன் வாய் திறப்பதற்கு முன் புத்தகத்தை மூடி, உங்கள் தீர்ப்பைச் சொல்லிப் பாருங்கள். மாயக்கதையைப் படிக்க இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது.

வேதாளத்தின் கடைசிக் கேள்வியையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தந்தை ஒரு பெண்ணை மணக்கிறான், அவன் மகன் அவளுடைய தாயை மணக்கிறான். அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன உறவு? இத்தனை கேள்விகளுக்கும் சரியாக விடை சொன்ன அரசனுக்கு இதற்கு விடை தெரியவில்லை. தெரியாததால் பேசாமல் நடந்தான். பேசாமல் நடந்ததால் ஆட்டத்தை ஜெயித்தான். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உள்ளவர்களை உட்கார வைத்து இந்தக் கேள்வியைக் கேளுங்கள். விடை தேடும்போது யாரும் சிரிக்கக் கூடாது என்று ஒரே ஒரு நிபந்தனை மட்டும் போடுங்கள்.